வாஷர் மோட்டார் ஓடுகிறது, கண்ணாடிக்குத் தண்ணீர் வரவில்லை – லாரி உதவி

கேட்டவர் (நாமக்கல்):
எல்லோருக்கும் வணக்கம். சொந்த வண்டி, ஆறு சக்கர லாரி, நானே ஓட்டுகிறேன். கேபினை முன்னால் சாய்க்கிற மாடல், 24 வோல்ட். வாஷர் டேங்க் கீழே பம்பருக்குப் பின்னால் இருக்கிறது. ஸ்விட்சை இழுத்தால் மோட்டார் சத்தம் நன்றாகக் கேட்கிறது, ஆனால் தண்ணீர் பீய்ச்சுவதில்லை. கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கிற நாசில் இரண்டில், இடது பக்கத்தில் மட்டும் கொஞ்சம் வழிகிறது.

இரண்டு மாதம் முன்பு பழைய மோட்டார் எரிந்துபோய், வழியில் ஒரு கடையில் புதுசு போட்டேன். அன்று முதலே வேகம் குறைவுதான், அப்படியே விட்டுவிட்டேன். போன வாரம் பெங்களூரிலிருந்து திரும்பும்போது விடியற்காலை 4 மணி, தொப்பூர் கணவாய் இறக்கம், லேசான தூறல். முன்னால் போன டிப்பர் சேற்றை வாரி அடித்தது. வைப்பர் போட்டதும் சேறு இழுபட்டுக் கண்ணாடி முழுக்க மெழுகிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. அந்த இறக்கத்தில் ஓரம்கட்ட இடமில்லை. கிளீனர் தம்பி ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி, பாட்டில் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றினான். நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது. இதைச் சரிசெய்யாமல் அடுத்த லோடு ஏற்றுவதில்லை என்று வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

நாசிலில் ஊசி விட்டுப் பார்த்தாயிற்று. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. டேங்க் நிறையத் தண்ணீர் இருக்கிறது. திரும்பவும் மோட்டாரை மாற்ற வேண்டுமா?

ஓட்டுநர் (ஓசூர்):
அண்ணா, போர் தண்ணீர்தானே ஊற்றுகிறீர்கள்? உப்பு படிந்து நாசில் அடைத்திருக்கும். ஊசியை வெளியிலிருந்து குத்தினால் அழுக்கு உள்ளேதான் போகும், கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்து அடைக்கும். நாசிலைக் கழற்றி, வினிகரும் வெந்நீரும் பாதிக்குப் பாதி கலந்து ஒரு ராத்திரி ஊறப் போடுங்கள். அப்புறம் தண்ணீர் வெளியே வருகிற ஓட்டை பக்கத்திலிருந்து காற்று அடியுங்கள்.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் (சங்ககிரி):
தம்பி சொல்வது சரி, ஆனால் அது கடைசியில் பார்க்க வேண்டியது. எந்தச் சாமானையும் உடனே மாற்றாதீர்கள். தண்ணீர் டேங்கிலிருந்து எந்த இடம் வரை ஒழுங்காகப் போகிறது என்று கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டே வாருங்கள்.

மோட்டாரிலிருந்து மேலே போகிற டியூபைக் கழற்றுங்கள். அங்கே ஒரு முழம் துண்டு டியூப் மாட்டி, பாட்டிலுக்குள் விட்டு, கிளீனரை ஸ்விட்ச் இழுக்கச் சொல்லுங்கள். சீறி வந்தால் மோட்டாரில் குறை இல்லை, அடைப்பு மேலே எங்கோ இருக்கிறது. அங்கேயே நூல் மாதிரி வந்தால் டேங்க் அல்லது மோட்டார் பக்கம்தான் குறை. டேங்க் காலியாக இருக்கும்போது மட்டும் ஓட்டிவிடாதீர்கள். உள்ளே ஓடுகிற தண்ணீர்தான் அந்த மோட்டாருக்குக் குளிர்ச்சி, வறண்டு ஓடினால் சீக்கிரம் எரிந்துவிடும்.

இன்னொன்று, மோட்டார் மேல் 24 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கார் மோட்டார் 12 வோல்ட். அதை லாரியில் மாட்டினால் கீச்சென்று கத்தி ஓடி, கொஞ்ச நாளில் எரிந்துவிடும். சில பேர் 12 வோல்ட் மோட்டாருக்கு, லாரியில் இருக்கிற இரண்டு 12 வோல்ட் பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுத்துக் கொடுக்கிறார்கள், அதையும் செய்யாதீர்கள். ஒரு பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும், ஜோடியாக இரண்டும் கெட்டுவிடும்.

கேட்டவர்:
24 என்றுதான் போட்டிருக்கிறது அண்ணா. டியூபைக் கழற்றிப் பார்த்தேன். மோட்டார் வாயிலேயே நூல் மாதிரிதான் வருகிறது. மோட்டாரைப் பிடுங்கினேன், டேங்க் ஓட்டையிலிருந்து தண்ணீர் கொட்டியது, அங்கே அடைப்பு இல்லை. இன்னொன்றும் பார்த்தேன். மோட்டார் போட்டவர் பழைய கனெக்டரை வெட்டிவிட்டு ஒயரைச் சும்மா முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் (சங்ககிரி):
அங்கேதான் சந்தேகமே. ப்ளஸ், மைனஸ் மாறியிருக்கலாம். மாற்றிக் கொடுத்தாலும் இந்த மோட்டார் ஓடும், சத்தமும் வரும், ஆனால் உள்ளே இருக்கிற விசிறி எதிர்ப்பக்கம் சுற்றும். தண்ணீரைத் தள்ளுகிற பலம் இருக்காது. மோட்டாரில் ஒயர் மாட்டுகிற முனை பக்கத்தில் ப்ளஸ் குறி இருக்கும். மீட்டர் வைத்து ஸ்விட்ச் இழுக்கும்போது எந்த ஒயரில் 24 வருகிறது என்று பார்த்து, அதை ப்ளஸுக்குக் கொடுங்கள். முறுக்கிய இடத்தில் பச்சை பூத்திருந்தால் வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போடுங்கள். மோட்டாரைத் திரும்பச் சொருகும்போது டேங்க் ஓட்டையில் இருக்கிற ரப்பர் வளையத்தில் கொஞ்சம் தண்ணீர் தடவினால் கிழியாமல் உட்காரும்.

கேட்டவர்:
மாறித்தான் இருந்தது அண்ணா! மாற்றிக் கொடுத்ததும் பாட்டில் நிமிடத்தில் நிறைந்துவிட்டது. ஆனால் டியூபை மாட்டினால் கண்ணாடிக்கு இன்னும் பாதி வேகம்தான் வருகிறது. காலையில் முதல் தடவை இழுக்கும்போது ரொம்ப நேரம் கழித்துத்தான் வருகிறது.

மெக்கானிக் (திருச்செங்கோடு):
கேபின் சாய்கிற கீல் பக்கம் டியூபைத் தடவிப் பாருங்கள். சாய்த்துச் சாய்த்து நிமிர்த்துவதில் அந்த இடத்தில் டியூப் மடிந்து நசுங்கும். கேபின் சாய்ந்திருக்கும்போது பார்த்தால் நேராகத்தான் தெரியும், நிமிர்த்தியபின் பார்க்க வேண்டும். காலையில் தாமதமாக வருவது வேறு குறை. நிறுத்தி வைத்தால் தண்ணீர் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. டியூப் வழியில், தண்ணீரைத் திரும்பி இறங்க விடாத நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று விரல் நகம் அளவில் இருக்க வேண்டும். அதன் அம்புக்குறி நாசிலைப் பார்த்து இருக்க வேண்டும்.

கேட்டவர்:
கீல் பக்கம் நசுங்கி, மடிப்பில் வெடிப்பும் விட்டிருந்தது. புது டியூப் கொஞ்சம் தொய்வு விட்டுப் போட்டு, சாய்த்து நிமிர்த்தி இரண்டு முறை பார்த்துவிட்டேன். வால்வு காணவே காணோம், கடையில் வாங்கி மாட்டினேன். ஓசூர் தம்பி சொன்னபடி நாசிலை ஊறவைத்ததில் வெள்ளை வெள்ளையாகத் துகள் வந்தது. இப்போது இரண்டு பக்கமும் கண்ணாடியின் நடுவுக்கு மேலேயே அடிக்கிறது. ஓடும்போது காற்று கீழே தள்ளும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன். டேங்கில் துணி சோப்புத் தூள் போடலாமா?

ஆட்டோ எலக்ட்ரீஷியன் (சங்ககிரி):
வேண்டாம். தூள் முழுசாகக் கரையாது, அடியில் தங்கி அதுவே அடைக்கும். நுரையும் வரும். வாஷர் லிக்விட் கலந்து ஊற்றுங்கள், இல்லாவிட்டால் வடிகட்டிய நல்ல தண்ணீர் போதும். வைப்பர் பிளேடு ரப்பரையும் பார்த்துவிடுங்கள். சேற்றோடு வறண்டு ஓடியிருக்கிறது, ஓரம் கிழிந்திருக்கும்.

கேட்டவர்:
வலது பிளேடு கிழிந்துதான் இருக்கிறது அண்ணா. இரண்டையும் மாற்றிவிட்டு நாளைக்கு லோடு ஏற்றுகிறேன். மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. கிளீனர் தம்பியும் பக்கத்தில்தான் இருக்கிறான், நன்றி சொல்லச் சொன்னான்.