என் விண்மீன் நிறைகள் அட்டவணையைவிட இரு மடங்காக வருகின்றன: உதவி தேவை

விண்தேடல்:
வணக்கம். அருகிலுள்ள விண்மீன் திரள்களின் ஒளியளவுகளைக் கொண்டு அவற்றின் விண்மீன் நிறையை (திரளிலுள்ள விண்மீன்களின் மொத்த நிறை) கணக்கிட்டு, அருகிலுள்ள திரள்களின் அளவுகளைத் தொகுத்த நாசா-ஸ்லோன் அட்டவணையோடு ஒப்பிட்டேன். என் விடைகள் எல்லாமே ஏறத்தாழ இரு மடங்காக இருக்கின்றன. நிரலை நான்கு முறை சரிபார்த்துவிட்டேன். நாளை மறுநாள் வழிகாட்டியிடம் காட்ட வேண்டும். எங்கே தவறு?

அலைநீளம்:
எந்தத் தொடக்க நிறைப் பரவலை (பிறக்கும் விண்மீன்களில் எந்த நிறையில் எத்தனை என்ற கணக்கு) கொண்டீர்கள், ஹபிள் மாறிலி (அண்டம் விரியும் வேகத்தின் அளவு) எவ்வளவு, விலகல் எல்லாத் திரள்களுக்கும் ஒன்றுதானா என்று எதையும் நீங்கள் சொல்லவில்லையே.

நிறமாலை:
கேட்கவே தேவையில்லை. சால்பீட்டர் பரவலைப் போட்டிருப்பார். அது மங்கலான சிறு விண்மீன்களை மிகுதியாக எண்ணுவதால் அதே ஒளிக்குக் கூடுதல் நிறை காட்டும். ஷாப்ரியே பரவலுக்கு மாறுங்கள். ஆய்வில் இறங்குமுன் கற்றிருக்க வேண்டிய பாடம் இது.

ஒளித்துளை:
ஸ்லோன் வான் ஆய்வில் நிறமாலை எடுத்த ஒளியிழை வானில் 3 விகலை விட்டத்தையே பார்த்தது. திரளின் நடுப்பகுதி மட்டுமே அதில் அடங்கும். எனக்கு ஐயம் அங்கேதான்.

அலைநீளம்:
அதுவானால் விலகல் தொலைவோடு மாற வேண்டும். மேலும் அவர் ஒப்பிடுவது ஒளியளவிலிருந்து பெற்ற நிறைகளை. ஒளியிழை இதில் வரவே இல்லை.

விண்தேடல்:
மன்னிக்கவும், சொல்ல விட்டுப்போயிற்று. பரவல் ஷாப்ரியேதான். ஹபிள் மாறிலி 70 (கி.மீ./நொடி/மெகாபார்செக்). தொலைவு எதுவானாலும் விலகல் 0.31 டெக்ஸ் (அதாவது பத்தடி மடக்கையில் 0.31).

தரவுத்தச்சன்:
அந்த 0.31-தான் விடை. பரவலை மாற்றினால் வரும் வேறுபாடு ஏறத்தாழ 1.6 முதல் 1.8 மடங்கு வரைதான், இரண்டை எட்டாது. அட்டவணையின் விளக்கத்தில் நிறையின் அலகைப் பாருங்கள்: ஹபிள் மாறிலியை 100 எனக் கொண்டு கணக்கிட்ட நிறை அது. தொலைவு அம்மாறிலிக்கு எதிர்விகிதத்திலும், ஒளிர்வு தொலைவின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்திலும் இருப்பதால், உங்கள் 70-க்கு மாற்ற அட்டவணை நிறையை 0.7-இன் வர்க்கமான 0.49-ஆல் வகுக்க வேண்டும். 2.04 மடங்கு கிடைக்கும்; மடக்கையில் அது 0.31.

நிறமாலை:
70 என்பதே பழைய வழக்கம். பிளாங்க் செயற்கைக்கோளின் 2018 முடிவு 67.4. அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அலைநீளம்:
தொலைவளக்க உதவும் செஃபீடு விண்மீன்களையும் மீயொளிர் விண்மீன் வெடிப்புகளையும் (சூப்பர்நோவா) கொண்டு 2022-இல் பெறப்பட்ட மதிப்பு 73.04. எது சரியென்பது இன்னும் முடிவாகாத வழக்கு.

தரவுத்தச்சன்:
இரண்டுக்கும் இடையே நிறையில் வரும் வேறுபாடு 0.07 டெக்ஸ்தான், விண்மீன் நிறைக் கணிப்பின் வழக்கமான பிழையை விடச் சிறியது. எந்த மதிப்பைக் கொண்டாலும் அதைக் கட்டுரையில் எழுதிவிடுங்கள். அடுத்து ஒப்பிட வருபவருக்கு இதே தலைவலி வரக்கூடாது.

விண்தேடல்:
0.49-ஆல் வகுத்தேன். விலகல் 0.02-க்குள் வந்துவிட்டது. நன்றி.