மோர்பின் குளிசை: நோகேக்க மட்டும் குடுக்கலாமோ?

ஒட்டுசுட்டான் மகள்:
அம்மாவுக்கு மார்புப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிட்டுது. தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில 4 மணித்தியாலத்துக்கு ஒருக்கா, கடும் நோவை அடக்கிற மோர்பின் குளிசை எழுதித் தந்தவை. பழகிப்போடும் எண்டு சொந்தக்காரர் பயப்படுத்தினம். சாப்பாடும் இறங்குதில்லை.

மாங்குளம் தாதி:
தங்கச்சி, நோ வரும்வரை காத்திருக்காதேங்கோ. இந்தக் குளிசையின்ரை வேலை கிட்டத்தட்ட 4 மணித்தியாலத்தில முடிஞ்சிடும். பிந்தினால் நோ ஏறி, அதை அடக்கக் கூடுதலான மருந்து வேணும். மணிக்கூடு பாத்துக் குடுங்கோ. நோவுக்கு அளவாகக் குடுக்கிறது போதைப்பழக்கமாகிறது மிக அரிது. முதல் 2, 3 நாள் தூங்குவா, பிறகு தெளியும். மலச்சிக்கல்தான் தெளியாது. முதல் நாளே மலமிளக்கியும் கேட்டு வாங்குங்கோ, இதைத்தான் கனபேர் விடுகினம். எழுப்ப ஏலாத தூக்கம், மூச்சு மிக மெதுவெண்டால் அடுத்த குளிசை குடுக்காமல் உடனே வைத்தியரோட கதையுங்கோ.

புதுக்குடியிருப்புப் பராமரிப்பாளர்:
கஞ்சியைத் திணிக்க வேண்டாம் அக்கா, புரையேறி நெஞ்சுக்குள்ள போகும். நோய் முத்தேக்க பசி தானாக அடங்கும். நீங்கள் பட்டினி போடேல்லை. வாய் காஞ்சால் 1 லீற்றர் கொதிச்சாறின தண்ணியில உப்பு 1 தேக்கரண்டி, அப்பச்சோடா 1 தேக்கரண்டி கலந்து, துணியில நனைச்சுத் துடையுங்கோ. படுக்கைப்புண் வராமல் 2 மணித்தியாலத்துக்கு ஒருக்கா அம்மாவைப் பக்கம் மாத்திப் படுக்க வையுங்கோ. கெண்டைக்காலுக்குக் கீழ தலகணி வைச்சால் குதிக்கால் மெத்தையில முட்டாது. சிவந்த தோலைத் தேய்க்காதேங்கோ, தோலும் உள்தசையும் பழுதாகும்.

ஒட்டுசுட்டான் மகள்:
இரவு 2 மணிக்கும் எழுப்பவோ?

மாங்குளம் தாதி:
படுக்கேக்க இரட்டை அளவு குடுத்து அந்த வேளையைத் தவிர்க்கிற முறை இருக்கு. வைத்தியரைக் கேளுங்கோ, நீங்களாகக் கூட்டாதேங்கோ.