ரிவால்வர் 2022 மிக்ஸ்: தேவையா, 1966 போதுமா?

நாலுடிராக்
பீட்டில்ஸ் இசைக்குழுவின் 1966 ஆல்பமான 'ரிவால்வர்' விரிவாக்கப் பதிப்பை மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 2022 அக்டோபரில் வந்த ஐந்து சிடி பெட்டி. ஜைல்ஸ் மார்ட்டினும் சாம் ஓகெல்லும் செய்த புது ஸ்டீரியோ மிக்ஸ்தான், அதாவது பதிவான ஒலிகளை இரண்டு காதுக்கும் பங்கிட்டுக் கலந்ததுதான், முதல் சிடி. இது தேவையில்லாத வேலை என்றே எனக்குப் படுகிறது. 1966-ல் ஜைல்ஸின் அப்பா தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக்கும் நாலே டிராக்கை (டேப்பில் தனித்தனியாக ஒலி பதியும் தடங்கள்) வைத்துக்கொண்டு எடுத்த முடிவுகள்தான் அந்த ஆல்பம். எந்தக் கருவி எவ்வளவு அமுங்கி, எதோடு ஒட்டி ஒலிக்க வேண்டும் என்பதும் இசையில் சேர்த்திதானே? அதைப் பிரித்து அடுக்கினால் வேறு ஆல்பம் ஆகிவிடும்.

ஹெட்ஃபோன்வாசி
அண்ணா, அந்த 1966 ஸ்டீரியோவை ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். 'டாக்ஸ்மேன்' பாட்டில் கிட்டார், பேஸ், டிரம்ஸ் மூன்றும் இடது காதில். மூன்றும் ஒரே டிராக்கில் பதிவானதால் பிரிக்க வழியில்லை. 'எலினார் ரிக்பி'யில் சரணம் பாடும் குரல் வலது ஓரத்தில் கிடக்கிறது. அன்று வீடுகளில் எல்லா ஒலியும் ஒன்றாகவே வரும் மோனோ பிளேயர்தான் அதிகம் என்பதால் கவனமெல்லாம் மோனோ மிக்ஸுக்குப் போனது, ஸ்டீரியோவைச் சீக்கிரம் முடித்துவிட்டார்கள். அதைக் கலை முடிவு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

பீட்டில்ஸ் பற்றிய 'கெட் பேக்' ஆவணப்படத்துக்காகப் பீட்டர் ஜாக்சனின் குழு ஒரு முறையை உருவாக்கியது. ஒரே டிராக்கில் கலந்து கிடக்கும் ஒலிகளைக் கணினி தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும். அதனால்தான் இந்த மிக்ஸே சாத்தியமானது. இப்போது டிரம்ஸ் நடுவில் நிற்கிறது. டிரம்மர் ரிங்கோவின் பேஸ் டிரம் நெஞ்சில் தட்டுகிறது.

நாலுடிராக்
நெஞ்சில் தட்டுவதுதான் தம்பி என் பிரச்சினையே. எமெரிக்குக்கு அப்போது 20 வயது. பேஸ் டிரம்முக்குள் கம்பளி ஸ்வெட்டரைத் திணித்தார். மைக்கை அவ்வளவு அருகில் வைக்கக் கூடாது என்று ஈஎம்ஐ ஸ்டூடியோவில் விதி இருந்தும் வைத்தார். அப்புறம் ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரில் நசுக்கினார். அந்த இறுகிய 'தப்' அப்படிப் பிறந்தது. அதை இன்றைய காதுக்கு ஏற்ப ஊதிப் பெரிதாக்க வேண்டுமா?

'டுமாரோ நெவர் நோஸ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடம் முழுக்க டேப் லூப்கள் (வளையமாக ஒட்டி, திரும்பத் திரும்ப ஓடும் டேப்) ஓட, மிக்ஸர் மேசையில் ஒலி அளவை மாற்றும் ஃபேடரை ஏற்றி இறக்கியே அந்தப் பறவைக் கூச்சலை உண்டாக்கினார்கள். அங்கே மிக்ஸ் செய்வதே வாசிப்பு.

ஹெட்ஃபோன்வாசி
ஆனால் அந்த வாசிப்பு அப்போதே டிராக்கில் பதிவாகிவிட்டதே. புது மிக்ஸில் இருப்பதும் அதே ஏற்ற இறக்கம்தான், யாரும் திரும்ப வாசிக்கவில்லை. 'லவ் யூ டூ' பாட்டில் அனில் பகவத்தின் தபலாவைக் கேளுங்கள். இத்தனை வருஷம் ஏதோ திரைக்குப் பின்னாலிருந்து கேட்டது. இப்போது விரல் தோலில் படுவது தெரிகிறது. அவர் வாசித்ததைத்தான் நான் கேட்கிறேன், முன்பைவிடத் தெளிவாக.

மழைக்காலம்
இருவரும் முதல் சிடியிலேயே நிற்கிறீர்களே! எனக்கு இந்தப் பெட்டியின் உயிர் ஒத்திகைப் பதிவுகளில் இருக்கிறது. 'ரெய்ன்' பாட்டை வேகமாக வாசித்துப் பதிவு செய்து, பிறகு டேப்பின் வேகத்தைக் குறைத்துத்தான் வெளியிட்டார்கள். வாசித்த அதே வேகத்தில் அது இரண்டாவது சிடியில் இருக்கிறது. ரிங்கோவின் கை எப்படி ஓடியிருக்கிறது என்று கேட்டு அசந்துபோனேன்.

அப்புறம் 'யெல்லோ சப்மரீன்'. குழந்தைப் பாட்டு என்றே இருபது வருஷம் நினைத்திருந்தேன். பீட்டில்ஸின் ஜான் லெனன் ஒரு கிட்டாரோடு தனியாகப் பாடிப் பார்த்த டேப்பில், தான் பிறந்த ஊரில் யாரும் கண்டுகொள்ளவில்லை என்கிறார். அவ்வளவு சோகமான குரல். இரவில் கேட்டேன், அடுத்த பாட்டுக்குப் போக மனம் வரவில்லை.

நாலுடிராக்
ஒத்திகைப் பதிவுகளுக்கு நான் எதிரியில்லை. பெட்டியில் இல்லாத ஒன்றுதான் என்னைக் குடைகிறது. 1966 மோனோவைக் கொடுத்திருக்கிறார்கள், 1966 ஸ்டீரியோவைக் கொடுக்கவில்லை. ஐந்தாவது சிடியில் நாலே நாலு டிராக்: 'பேப்பர்பேக் ரைட்டர்', 'ரெய்ன்', இரண்டும் இரண்டு மிக்ஸில். ஆல்பம் மொத்தமே 35 நிமிடம். அந்தச் சிடியிலேயே தாராளமாக அடங்கியிருக்கும். எங்கள் தலைமுறையில் பலர் வளர்ந்தது அந்தக் கோணலான ஸ்டீரியோவோடுதான். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் கேட்க விட்டிருந்தால் இந்த இழையையே தொடங்கியிருக்க மாட்டேன்.

ஹெட்ஃபோன்வாசி
இது நியாயம் அண்ணா. இதற்கு என்னிடம் பதில் இல்லை. இடம் இருந்தும் விட்டது தப்புதான். ஆனால் நான் இனி கேட்கப்போவது புது மிக்ஸைத்தான்.

நாலுடிராக்
கேளுங்கள். நான் மோனோவுக்குத் திரும்புகிறேன். மழைக்காலம், அந்த லெனன் டேப் எத்தனையாவது சிடி?

மழைக்காலம்
மூன்றாவது. விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.