மறு: ‘இழந்த மெழுகு வார்ப்பு’க்கு மாற்றுச்சொல்

வணக்கம்.

> ‘இழந்த மெழுகு வார்ப்பு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. மாற்றுவானேன்?

உலோகச் சிலை வார்க்கும் ‘லாஸ்ட் வாக்ஸ் காஸ்டிங்’ முறைக்கு அந்தப் பெயர் இருக்கிறது, சரி. ஆனால் மெழுகை யார் இழந்தார்கள்? தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்து உருவம் பிடிக்கிறார்கள். அதன்மேல் வண்டல் மண் பூசிக் காயவைத்துச் சூடாக்கினால், மெழுகு உருகித் துளை வழியே வந்துவிடும். அதைப் பிடித்துவைத்து அடுத்த உருவத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். மெழுகு போன வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். முதலிலேயே மெழுகை எடைபோட்டு, அதைப்போல எட்டு, ஒன்பது மடங்கு உலோகம் என்று கணக்கிடுகிறார்கள். இவ்வளவு கணக்காக வைத்திருக்கும் பொருளைத் தொலைத்ததுபோலச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

போன வாரம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழம்பொருள் கடை அண்ணன் ஒருவரிடம் ஒரு வெண்கல உருளியைக் காட்டி எப்படிச் செய்தது என்று கேட்டேன். “மெழுகை வடிச்சுட்டு ஊத்துவாங்க தம்பி” என்றார். அந்த ‘வடி’ என்னை விடவில்லை. கஞ்சியை வடிக்கிறோம், சிலையையும் வடிக்கிறோம். உருகியதை வெளியேற்றுவதும் உருவம் சமைப்பதும் ஒரே வினைக்குள் இருக்கின்றன. தமிழ் தானாகக் கொடுக்கும் இதை விட்டுவிட்டு வேறு எங்கே தேடுவது?

என் பரிந்துரை: மெழுகுவடி வார்ப்பு. ‘சுடுசோறு’ போல வினைத்தொகை.

வெறும் ‘மெழுகு வார்ப்பு’ போதாது. மெழுகுவத்தி வார்ப்பதும் அதுதானே. நாச்சியார்கோயில் குத்துவிளக்கு மணல் வார்ப்பு, சுவாமிமலைச் சிலை மெழுகுவடி வார்ப்பு என்று பிரித்துச் சொல்ல முடிய வேண்டும்.

குறுந்தொகை 155-இல் வரும் ‘மெழுகான்று ஊதுலைப் பெய்த பகுவாய்த் தெண்மணி’யிலிருந்து (மெழுகால் கரு அமைத்து உலையில் வார்த்த மணி) ‘மெழுகான்று’ என்பதையே எடுக்கலாம் என்று குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். படிக்கும்போதே சிலிர்க்கிறது. ஆனால் பட்டறையில் ‘ஆன்று’ புரியாது.

அப்புறம், ‘இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்’ என்பதை ‘முதலீட்டு வார்ப்பு’ என்று ஒரு பாடக்குறிப்பில் பார்த்தேன். தயவுசெய்து இதைப் பரவவிடாதீர்கள். அங்கே அந்தச் சொல்லுக்குப் பணம் போடுவது என்று பொருளில்லை. மெழுகுருவைப் பீங்கான் குழம்பாலோ சாந்தாலோ போர்த்துவது. அதுவும் மெழுகுவடி வார்ப்புதான். பூச்சு காய்ந்து பீங்கான் ஓடாகுமிடத்தில் ‘ஓட்டு மெழுகுவடி வார்ப்பு’ எனலாம்.

உள்ளே வெற்றிடமுள்ள சிலைக்குப் ‘பொள்ளல் வார்ப்பு’ இருக்கிறது. அதன் நடுவே வைக்கும் களிமண்ணைச் சிலர் ‘கரு’ என்று எழுதுகிறார்கள். வார்ப்பில் கரு என்றால் அச்சு. நடுவிலிருப்பதற்கு ‘உள்மண்’ பொருந்துமா? பட்டறைப் பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.