காக்கித் தாளில் வீட்டு ஆட்களின் அளவு

லாஸ்பேட்டை, புதுச்சேரி:

வீட்டில் இருப்பவர்களுக்கு நாமே பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான அளவுத் தாள்) போட்டு, வெட்டி, தைத்த அனுபவங்களை இங்கே எழுதலாமே என்று தொடங்குகிறேன். நன்றாக வந்ததோடு, துணி வீணானதையும் எழுதுங்கள். எனக்கு முதலில் நடந்ததே துணி வீணானதுதான்.

பாரீஸ் பக்கம் இருக்கும் சித்தி ஒருமுறை ஊருக்கு வந்தபோது பிரெஞ்சுத் தையல் இதழ் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நடுவில் மடித்து வைத்திருந்த பெரிய தாளைப் பிரித்தால் ஒன்றின் மேல் ஒன்றாகக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று கோடுகள். பத்துப் பதினைந்து உடைகளின் பேட்டர்னை ஒரே தாளில் அச்சடித்திருந்தார்கள். நமக்கு வேண்டிய உடையின் நிறத்தையும் கோட்டையும் கண்டுபிடித்து, மேலே பட்டர் பேப்பர் வைத்து வரைந்து எடுக்க வேண்டும். அதில் எழுதியிருந்த பிரெஞ்சைப் பக்கத்து வீட்டுத் தாத்தா படித்துச் சொன்னார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ‘டெவான்’ என்றால் முன்பக்கம், ‘டோ’ என்றால் முதுகு, ‘ப்லியூர்’ என்றால் துணியின் மடிப்பு, ‘துருவா ஃபீல்’ என்றால் நேர் இழை. தாளில் போட்டிருந்த அம்புக்குறி பாவு நூல், அதாவது துணியின் நீளவாக்கில் ஓடும் நூல், போகும் திசையிலேயே இருக்க வேண்டும் என்பது அப்படித்தான் புரிந்தது. அந்தப் பேட்டர்னில் குழந்தைகளின் சைஸ் வயதுக் கணக்கில் இல்லை, உயரக் கணக்கில் இருந்தது. மகளைச் சுவரோடு நிற்க வைத்து அளந்து, 122 என்ற கோட்டை எடுத்தேன்.

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் வாங்கிய கட்பீஸ் காட்டன், இளமஞ்சளில் சின்னச் சின்ன இலைகள். கோட்டின் மேலேயே கத்தரி வைத்து வெட்டினேன். தைத்து முடித்து மாட்டினால் ஃபிராக் தோளைத் தாண்டி இறங்கவே இல்லை. மறுபடி தாத்தாவிடம் போனேன். அவர் அந்தப் பக்கத்தின் அடியில் இருந்த ஒரு வரியைப் படித்தார்: தையலுக்கான துணி இதில் சேர்க்கப்படவில்லை, நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கவாட்டுத் தையல், ஒவ்வொன்றிலும் இரண்டு ஓரம், ஓரத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர். ஆக, சுற்றளவில் மட்டும் 6 சென்டிமீட்டர் போய்விட்டது. நம் ஊர் தையல்காரர் பின்னால் பிரித்துக்கொள்ளட்டும் என்று உள்ளே ஒன்றரை இஞ்ச் விட்டுத்தான் வெட்டுவார். அதையே பார்த்து வளர்ந்ததால், எல்லாப் பேட்டர்னிலும் அது இருக்கும் என்று நினைத்துவிட்டேன். பக்கவாட்டைப் பிரித்து, அத்தையின் பழைய சேலைக் கரையை இரண்டு பட்டையாக வைத்து ஒட்டுப்போட்டேன். மகள் அதை இரண்டு வருஷம் போட்டாள்.

அப்புறம் அத்தைக்கு ரவிக்கை. என் மாமியாருக்கு முதுகு கொஞ்சம் கூன் விழுந்திருக்கிறது. எந்த ரவிக்கை போட்டாலும் பின்பக்கம் மேலே ஏறும். கையைப் பின்னால் கொண்டுபோய் இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பார்கள். பல வருஷமாக அதை அவர்களுடைய பழக்கம் என்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம். கடையில் அளவு ஜாக்கெட் கொடுத்துத்தான் தைத்தோம், அந்த அளவு ஜாக்கெட்டே ஏறுகிற ஜாக்கெட்தான். ஒருநாள் நானே டேப் வைத்து, பின்கழுத்து எலும்பிலிருந்து இடுப்பு வரை வளைவோடு சேர்த்து அளந்தேன். ஜாக்கெட்டில் இருந்ததைவிட ஒன்றரை இஞ்ச் அதிகம். முன்பக்கமோ அரை இஞ்ச் குறைவு.

காக்கித் தாளில் பின்பக்கத்தை வரைந்து, தோள்பட்டை எலும்பு வரும் இடத்தில் குறுக்கே வெட்டி, இடைவெளி விட்டு, நடுவில் ஒரு துண்டுத் தாளை ஒட்டினேன். பின்கழுத்தில் இரண்டு சின்ன டாட் (உடம்பின் வளைவுக்காகக் கூராகப் பிடிக்கும் மடிப்புத் தையல்). முன்பக்கத் தாளில் அரை இஞ்ச் மடிப்பு. முதலில் பழைய வேட்டித் துணியில் வெட்டி, பெரிய தையலாக ஓட்டிப் போட்டுப் பார்த்தோம். அது சரியாக உட்கார்ந்த பிறகுதான் டிரங்குப் பெட்டியில் இருந்த மில் துணியை எடுத்தேன். மாமனார் ரோடியர் மில்லில் வேலை பார்த்த காலத்தில் வாங்கி வைத்த துணி. 1898இல் தொடங்கிய அந்த ஏ.எஃப்.டி மில்லை 2020இல் மூடிவிட்டார்கள். இன்னொரு முழம் எங்கே போய் வாங்குவது? அதனால்தான் வேட்டியில் அத்தனை ஒத்திகை.

புது ரவிக்கையோடு அத்தை காலையில் கோலம் போட்டதிலிருந்து மதியம் குழம்பு இறக்கியது வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். கை ஒருமுறைகூட முதுகுக்குப் போகவில்லை.

கடலூர், திருப்பாதிரிப்புலியூர்:

அக்கா, நீங்கள் தாளில் வரைந்ததை நான் பழைய துணியில் பார்த்தேன். 2011 டிசம்பர் 30, தானே புயல். எங்கள் வீட்டு ஓடு பறந்து, பீரோவுக்குள்ளும் தண்ணீர். துணியெல்லாம் சேறும் துருக்கறையும். கரண்ட் எத்தனையோ நாள் வரவில்லை. அம்மாவின் கால்மிதி மெஷின் மட்டும் கனமாக அப்படியே நின்றது. பெல்ட்டைத் துடைத்து, இரும்பு உராயும் இடமெல்லாம் எண்ணெய் விட்டு, பழைய துணியில் வெறுமனே ஓட்டி, கறுப்பு எண்ணெய் வருவது நிற்கும்வரை மிதித்தேன்.

பள்ளிக்கூடம் திறந்தால் பையனுக்குப் போட்டுக்கொள்ள ஒரு சட்டை வேண்டும். எனக்கு அப்போது அளவெடுத்து வரையத் தெரியாது. கறை போகாத அவன் சட்டையையே பிளேடால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். முதுகு ஒன்று, முன்பக்கம் இரண்டு, தோள் பட்டி, கை இரண்டு, காலர் நான்கு துண்டு. எந்தத் துண்டு எதோடு சேர்ந்தது என்று பிரிக்கும்போதே பென்சிலால் எண் போட்டுக்கொண்டேன். அதைச் செய்யாவிட்டால் அவ்வளவுதான், வலக்கையும் இடக்கையும் ஒன்றுபோலவே இருக்கும். என் வீட்டுக்காரரின் நல்ல வெள்ளைச் சட்டை ஒன்று தப்பியிருந்தது. அதைப் பிரித்து, பையனின் துண்டுகளை மேலே வைத்து, வளர்கிற பிள்ளை என்று சுற்றிலும் அரை இஞ்ச் கூட்டி வெட்டினேன். பட்டன் பட்டியையும் காஜாவையும் அப்படியே வைத்துக்கொண்டேன், அது பெரிய வேலை மிச்சம். வெளிச்சம் இருக்கும்போதே முடிக்க வேண்டும் என்று வாசல்படியில் மெஷினைப் போட்டு மிதித்ததில், தெருவில் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்தத் துண்டுகளை இன்னும் கட்டி வைத்திருக்கிறேன். இப்போது அவன் என்னைவிட உயரம்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:

நான் ஆண். அம்மாவுக்காக மட்டுமே தையல் கற்றேன். அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது, அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். அதன் பிறகு இடது கை வீங்க ஆரம்பித்தது. பழைய ரவிக்கை எதற்குள்ளும் கை போகாது, போனாலும் இறுக்கிப் பிடித்துத் தடம் விழும். அந்தக் கையை இறுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நைட்டியோடே வீட்டுக்குள் இருந்துவிட்டார்கள், கல்யாணம் காட்சிக்குக்கூட வரவில்லை.

நான் முதலில் தைத்தது தப்பாகப் போனது. காலையில் எழுந்ததும் அளந்தேன், சரியாக இருந்தது. சாயந்திரம் போட்டபோது பிடித்தது. வீக்கம் பொழுது ஏற ஏறக் கூடுகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த முறை மூன்று நாள் சாயந்திரம் அளந்து, பெரிய அளவை எடுத்தேன். இடது கைக்குத் தனித்தாள், வலது கைக்குத் தனித்தாள். இரண்டுக்கும் சுற்றில் இரண்டரை இஞ்ச் வித்தியாசம். கையின் ஓரத்தை எலாஸ்டிக் இல்லாமல் மடித்து, கையாலேயே எம்மிங் செய்தேன், மெஷின் தையலின் மேடு உறுத்தும் என்றார்கள். கொக்கி முன்பக்கம். உள்ளே, ஆபரேஷன் ஆன பக்கம், மல்துணியில் ஒரு பை வைத்து, பஞ்சு அடைத்த திண்டைச் செருகிக்கொள்ளும்படி செய்தேன், துவைக்கும்போது எடுத்துவிடலாம்.

ஒரு சிக்கல் இன்னும் தீரவில்லை. அம்மா கையைத் தூக்கினால் ரவிக்கை முழுக்க மேலே வருகிறது. அக்குளில் என்ன செய்வது?

லாஸ்பேட்டை, புதுச்சேரி:

தம்பி, அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்துப் பாருங்கள். மூன்று இஞ்ச் சதுரம், தையலுக்குத் தனியாக அரை இஞ்ச். துணியை மூலைவாக்கில் வெட்டினால் கொஞ்சம் இழுபடும், அம்மாவுக்கு அதுதான் நல்லது. கைத்தையலும் பக்கவாட்டுத் தையலும் சந்திக்கும் இடத்தில் பிரித்து, சதுரத்தின் ஒரு முனை கைப்பக்கம், எதிர் முனை இடுப்புப் பக்கம் வரும்படி வைரம்போல் பொருத்துங்கள். முனைகளில் ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்துவிட்டுத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் சுருக்கம் விழும். துணியை முந்தின நாளே தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்து வெட்டுங்கள், காட்டன் சுருங்கினால் அந்தக் கைக்குத்தான் முதலில் பிடிக்கும்.

வெட்டத் தயக்கமாக இருந்தால் தாளைக் கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வீட்டில்தான் இருப்பேன், அம்மாவையும் அழைத்து வாருங்கள்.