ஊருக்கு உழைத்த ஆசிரியருக்கும் மாணவருக்கும் விருது: விண்ணப்பம் வாங்கலாமா, கூடாதா?

கடைசி பெஞ்ச் (இழையைத் தொடங்கியவர்):

எல்லோருக்கும் வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து, வருகிற ஆசிரியர் தினத்திலிருந்து ஆண்டுதோறும் ஒரு பாராட்டு விழா நடத்தலாம் என்று இருக்கிறோம். வகுப்பறைக்கு வெளியே ஊருக்காக உழைத்த ஓர் ஆசிரியர், இரண்டு மாணவர்கள். ஆசிரியருக்கு 10,000 ரூபாய். அரசின் நல்லாசிரியர் விருதுக்கும் அதே தொகை என்பதால் அப்படி வைத்தோம். மாணவர்களுக்குத் தலா 5,000. சான்றிதழ், பொன்னாடை உண்டு. விண்ணப்பப் படிவம் நான்கு பக்கம் வந்திருக்கிறது. என்ன பணி, எப்போது, எத்தனை பேர் பயனடைந்தார்கள், புகைப்படம், நாளிதழில் செய்தி வந்திருந்தால் அதன் நகல், கடைசியில் தலைமையாசிரியர் கையொப்பம். வேறு என்ன கேட்கலாம்?

சாக்பீஸ் தூள்:

எதையும் கேட்காதீர்கள். அந்த நான்கு பக்கத்தையும் தூக்கிப் போடுங்கள்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியன்தான். நல்லாசிரியர் விருது, அதாவது டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது, எப்படி வருகிறது என்று வெளியில் பலருக்குத் தெரியாது. யாரோ நம் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கொடுப்பதில்லை. நாமே விண்ணப்பிக்க வேண்டும். மரம் நட்ட படம், ரத்ததான முகாமில் நின்ற படம், வெட்டி ஒட்டிய நாளிதழ்த் துண்டு எல்லாம் சேர்ந்து கோப்பு கல்யாண ஆல்பம் கனத்துக்கு வந்துவிடும். மாவட்டக் குழு, மாநிலக் குழு என்று அது ஏறிப் போகும். இரண்டு லட்சத்துக்கு மேல் ஆசிரியர்கள் உள்ள மாநிலத்தில் ஏறத்தாழ 400 பேருக்குக் கிடைக்கிறது. வாங்கியவர்களில் அருமையானவர்கள் நிறையப் பேர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் என்னோடு வேலை பார்த்த ஒருவர், பள்ளிக்கு வராத பிள்ளையைத் தேடிச் செங்கல் சூளை வரை போய்க் கூட்டி வருவார். அங்கே நின்று படம் எடுக்க அவருக்குத் தோன்றியதே இல்லை. ஓய்வு பெறும் வரை எதற்கும் விண்ணப்பிக்கவும் இல்லை. உங்கள் படிவம் அவரைப் போன்ற ஆளை வாசலிலேயே நிறுத்திவிடும்.

மணமேல்குடி மாப்பிள்ளை:

சாக்பீஸ் சார், விண்ணப்பம் வேண்டாம் சரி. அந்த இடத்தில் என்ன வரும்? சிபாரிசுதான் வரும்.

ஆசிரியர்களுக்கான தேசிய விருது 1958-லிருந்து இருக்கிறது. மாநிலங்கள் அனுப்பும் பெயர்களைப் பார்த்து 300 பேருக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2018-ல்தான் ஆசிரியரே நேரடியாக இணையத்தில் விண்ணப்பிக்கலாம் என்று மாற்றினார்கள். அந்த ஆண்டு வாங்கியவர்கள் 45 பேர். யாருடைய தயவும் இல்லாமல் எங்கோ ஒரு மலைக்கிராமத்து ஆசிரியர் தன் பெயரைத் தானே முன்வைக்க முடிந்தது அதனால்தான்.

ஊர் அளவுக்கு வந்தால் சிபாரிசு இன்னும் மோசம். யாரைப் பாராட்டலாம் என்று ஊரில் போய்க் கேட்டால் பதில் சொல்லப் போவது யார்? கோயில் கமிட்டியில் இருப்பவர், ரைஸ் மில்காரர், முன்னாள் தலைவர். காலனிப் பிள்ளைகளைச் சத்துணவு வரிசையில் தனியாக உட்கார வைக்கக் கூடாது என்று சண்டை போட்ட ஆசிரியர் பெயரை இவர்கள் சொல்வார்களா? அவர் மீது மனு எழுதிப் போட்டிருப்பார்கள். படிவம் என்றால் குறைந்தபட்சம் அந்த ஆசிரியர் தன் கையால் எழுதலாம். தாள் ஒன்று மேசைக்கு வந்துவிட்டால் அதைப் பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஐந்து மணி பஸ்:

இரண்டு சார்களும் படிவத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அந்த 'வகுப்பறைக்கு வெளியே' என்பதே உறுத்துகிறது.

நானும் ஆசிரியைதான். கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 27 என்ன சொல்கிறது? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல், இவற்றைத் தவிரக் கல்வி சாராத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது. இந்த ஒரு வரிக்காக எத்தனை காலம் கத்தினோம்! அரசு கொடுக்கும் வெளிவேலையைக் குறையுங்கள் என்று ஒரு பக்கம் கேட்டுக்கொண்டு, இன்னொரு பக்கம் வெளிவேலை செய்தவருக்குத்தான் பொன்னாடை என்றால் என்ன அர்த்தம்?

அப்புறம் இன்னொன்று. சாயங்காலம் ஊரில் தங்கிக் குளம் தூர்வாரவும் இளைஞர் மன்றம் நடத்தவும் யாரால் முடியும்? அதே ஊரில் வீடும் பைக்கும் உள்ள ஆண் ஆசிரியரால். நான் ஐந்து மணி பஸ்ஸை விட்டால் வீட்டுக்குப் போக இரவு எட்டாகிவிடும், வீட்டில் மாமியாருக்கு மாத்திரை கொடுக்க ஆள் இல்லை. ஆறாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் தெரியாமல் வரும் பிள்ளைகளை மதிய இடைவேளையில் உட்கார வைத்து, முழுப் பரீட்சைக்குள் வாசிக்க வைக்கிறேன். இது எந்தப் பக்கம் சேரும்? உள்ளேயா, வெளியேயா?

கடைசி பெஞ்ச்:

டீச்சர், நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் நன்றாகப் பாடம் எடுப்பதற்கு நூறு சதவீதத் தேர்ச்சி, கேடயம் என்று ஏற்கெனவே சில உண்டு. ஊருக்குச் செய்ததை யாரும் பேசுவதில்லை என்றுதான் இதைத் தொடங்கினோம். சாக்பீஸ் சார் சொன்ன செங்கல் சூளைக்காரர் மாதிரி ஆட்களுக்கு.

ஐந்து மணி பஸ்:

நூறு சதவீதக் கேடயம் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும்தான் தம்பி. ஆறாம் வகுப்பில் எழுத்துக்கூட்ட வைத்ததற்கு யாரும் கேடயம் கொடுத்து நான் பார்த்ததில்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளையை எட்டாம் வகுப்போடு நிறுத்தி வேலைக்கு அனுப்புவதும் உங்கள் ஊர்தானே. அவனை நிறுத்தாமல் வைத்ததும் ஊருக்குச் செய்ததுதான்.

பனங்காட்டு என்எஸ்எஸ்:

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் வணக்கம். நான் பிளஸ் டூ. ஆசிரியர்களைப் பற்றியே ஓடுகிறது, இரண்டு மாணவர்கள் என்று இருந்ததே, அதை மறந்துவிட்டீர்கள்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில், அதாவது என்எஸ்எஸ்ஸில், எங்களுக்கு ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, காலாண்டு விடுமுறையில் ஏழு நாள் முகாம். போன முறை கண்மாய்க் கரையில் பனை விதை போட்டோம். ஊரில் சிலர் சிரித்தார்கள், லீவில் ஊர் சுற்றுகிறான் என்று வீட்டில் திட்டினார்கள். கடைசி நாளில் மேடையில் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுத்த பிறகுதான் அப்பா ஒன்றும் சொல்வதில்லை. விருதெல்லாம் வெறும் விளம்பரம் என்று வேலை கிடைத்த பெரியவர்கள் சொல்வது எளிது. எனக்கு அந்தத் தாள் வேண்டும். படம் எடுக்காதே என்றால், நான் செய்தேன் என்று கல்லூரியில் எப்படி நம்புவார்கள்?

சாக்பீஸ் தூள்:

தம்பி, கோபித்துக்கொள்ளாதே. உன்னைச் சொல்லவில்லை, முகாம் நடத்தும் முறையைச் சொல்கிறேன். நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல் காந்தி நூற்றாண்டில் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. செய்தவன் கிராமத்தோடு கொஞ்ச நாளாவது ஒட்டியிருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். நீ செப்டம்பர் கடைசியில் போட்ட பனை விதை முதலில் கீழே போய்க் கிழங்கு வைக்கும். ஓலை மேலே தெரிய மாதக்கணக்காகும். பொங்கலுக்குள் பாதியை யாராவது கிழங்குக்குத் தோண்டியிருப்பார்கள். மீதியில் ஆடு மேய்ந்தது போக எத்தனை நிற்கிறது என்று நீயாவது, உங்கள் திட்ட அலுவலராவது போய்ப் பார்த்தீர்களா? விதை மண்ணுக்குள் இருக்கும்போதே சான்றிதழ் மேடைக்கு வந்துவிட்டது. 2017-ல் சீமைக்கருவேலம் பிடுங்கியதும் இப்படித்தான். உயர் நீதிமன்ற உத்தரவு வந்ததும் ஊரெங்கும் மாணவர்களை இறக்கினார்கள், படம் படமாக வந்தது. வேரோடு எடுக்காத இடத்தில் எல்லாம் மறுபடி தழைத்து நிற்கிறது.

பனங்காட்டு என்எஸ்எஸ்:

போய்ப் பார்த்தேன் சார். கரையின் கிழக்குப் பக்கம் நிற்கிறது, மேற்குப் பக்கம் இல்லை. அங்கே ஜேசிபி வைத்து மண் எடுத்துவிட்டார்கள். இதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

மணமேல்குடி மாப்பிள்ளை:

சபாஷ் தம்பி. கடைசி பெஞ்ச், உங்களுக்கு ஒரு மாணவர் கிடைத்துவிட்டார்.

அறிவொளி மாமா:

பெரியவன் ஒரு வார்த்தை சொல்லலாமா? இதே புதுக்கோட்டையில் 1991-லும் 92-லும் அறிவொளி இயக்கம் நடந்தது. படித்த பிள்ளைகள் ராத்திரி அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு கல்லுடைக்கிற பெண்களுக்கும் வயல் வேலைக்குப் போகிறவர்களுக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். சம்பளம் கிடையாது. பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றது அப்போதுதான். 1992-ல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவித்தார்கள். நாங்கள் யாரும் விருது கேட்கவில்லை, ஐயா.

ஐந்து மணி பஸ்:

மாமா, மரியாதையோடு சொல்கிறேன். விருது கேட்கவில்லை, ஆனால் மரியாதை இல்லாமலா இருந்தது? ஊர் ஊராகக் கலைக்குழு வந்து பாடியது, கலெக்டரே வந்து உட்கார்ந்தார், பெண்கள் சைக்கிள் பேரணி போனார்கள். என் அம்மா அந்தப் பேரணியில் போனவர். அதைப் பற்றி இன்று வரை பேசுகிறார். அதுவும் பாராட்டுதான். ஒரு ஆளுக்கு மட்டும் பொன்னாடை போர்த்தாமல் கூட்டமாகச் செய்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

திண்ணைப் பள்ளி:

குறுக்கே வருகிறேன். நான் இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலர். கொரோனாவில் பள்ளி மூடி, பிள்ளைகள் கற்றதையெல்லாம் மறந்து கிடந்தபோது 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் தொடங்கி வைத்த திட்டம். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அது சார்ட்டுக்கும் ஸ்கெட்ச்சுக்கும் பிள்ளைகளுக்கு வாங்கும் கடலைமிட்டாய்க்குமே சரியாகப் போகும். என் வீட்டுத் திண்ணையில்தான் வகுப்பு. நான் ஆசிரியர் பட்டியலில் இல்லை, பி.எட். முடிக்கவில்லை. மாணவியும் இல்லை. தலைமையாசிரியர் எனக்குக் கையொப்பம் போட வேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் விழாவில் எனக்கு நாற்காலி எங்கே?

கடைசி பெஞ்ச்:

அக்கா, இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. குழுவில் வைக்கிறேன்.

சாக்பீஸ் தூள்:

2018 ஜூனில் வெளியகரம் நினைவிருக்கிறதா? பள்ளிப்பட்டு பக்கம், திருவள்ளூர் மாவட்டம். ராதாகிருஷ்ணன் பிறந்த திருத்தணியும் அதே மாவட்டம்தான். ஆங்கில ஆசிரியர் ஒருவருக்கு உபரி என்று இடமாற்றம் வந்தது. பிள்ளைகள் அவரைக் கட்டிப் பிடித்து அழுது, போக விடவில்லை. உத்தரவைச் சில நாள் நிறுத்தி வைத்தார்கள். எந்தக் குழு கூடி அவரைத் தேர்ந்தெடுத்தது? நான் கேட்பது இதுதான். செய்தவர் விண்ணப்பிக்க வேண்டாம், ஊர்ப் பெரியவரும் சொல்ல வேண்டாம். பயன் பெற்ற பிள்ளை சொல்லட்டும், அவன் அம்மா சொல்லட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை, தலைவரும் ஒரு பெண். அவர்களிடம் கேளுங்கள்.

மணமேல்குடி மாப்பிள்ளை:

வெளியகரம் நல்ல கதைதான் சார். ஆனால் எல்லா நல்ல ஆசிரியரையும் பிள்ளைகள் கட்டிப் பிடிக்க மாட்டார்கள். கணக்கு வாத்தியாரை யார் கட்டிப் பிடித்தார்கள்? கண்டிப்பானவர், சிரிக்காதவர், ஆனால் எஸ்.சி. மாணவிகளுக்குக் கல்வி உதவித்தொகைப் படிவத்தைத் தானே நிரப்பித் தாலுகா ஆபீசுக்கு அலைந்து சாதிச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தவர், அவருக்கு ஓட்டு விழாது. பிரியத்தை வைத்து அளந்தால் அவர் தோற்றுப்போவார்.

சாக்பீஸ் தூள்:

அந்த மாணவிகளில் ஒருத்தி எழுதுவாள். பத்து வருஷம் கழித்தாவது எழுதுவாள்.

மணமேல்குடி மாப்பிள்ளை:

பத்து வருஷத்தில் அவர் ரிட்டயர் ஆகி ஊர் போயிருப்பார்.

கடைசி பெஞ்ச்:

சரி, இதுவரை வந்ததை வைத்து ஒரு ஏற்பாடு. படிவம் ஒரே பக்கம். விருப்பம் உள்ளவர் தானே எழுதலாம், பயன் பெற்றவரும் எழுதலாம், எழுதுபவர் தன் பெயரைப் போடாமலும் எழுதலாம். புகைப்படம் கேட்க மாட்டோம். யார் பெயர் வந்தாலும் குழுவிலிருந்து இரண்டு பேர் நேரில் போய் விசாரிப்பார்கள். மாணவர் பணிக்கு அதே ஆண்டில் கொடுக்காமல் ஓராண்டு கழித்துப் பார்த்துவிட்டுக் கொடுப்போம். தன்னார்வலர்களையும் சேர்க்கிறோம். பாடம் நடத்துவதும் ஊர்ச் சேவைதானா என்பதில் குழுவுக்குள்ளேயே இரண்டு கட்சி ஆகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை பேசுவோம்.

பனங்காட்டு என்எஸ்எஸ்:

ஓராண்டு கழித்து என்றால் நான் கல்லூரிக்குப் போயிருப்பேன் அண்ணா. அட்மிஷனுக்கு ஆகாது.

சாக்பீஸ் தூள்:

முகாம் சான்றிதழ் இருக்கிறதே தம்பி, அட்மிஷனுக்கு அது போதும். இது வேறு.

ஐந்து மணி பஸ்:

விசாரிக்கப் போகும் குழுவில் யார் யார்? பெண்கள் எத்தனை பேர்?

கடைசி பெஞ்ச்:

ஏழு பேர் டீச்சர். எல்லோரும் 1998 செட். பெண்கள் இப்போதைக்கு இல்லை.

ஐந்து மணி பஸ்:

98-ல் அந்தப் பள்ளியில் பெண்கள் படிக்கவில்லையா?

கடைசி பெஞ்ச்:

படித்தார்கள். கல்யாணமாகி வேறு வேறு ஊரில் இருக்கிறார்கள், வாட்ஸ்அப் குழுவில் யாரும் இல்லை. நம்பர் தேடிச் சேர்க்கச் சொல்கிறேன்.

மணமேல்குடி மாப்பிள்ளை:

ஏழு பேரும் ஒரே தெருவா என்பதையும் சொல்லிவிடுங்கள். அதுவரைக்கும் பொன்னாடைக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.