மந்தைவெளி வீடு (குடும்பக் குழு)

ராமு பெரியப்பா, காலை 7:10
2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் சிம்பொனி அரங்கேற்றியதிலிருந்து எனக்கு அந்த இசை மேல் ஒரு ஆசை. கார்த்திக், பீத்தோவன் எல்லாம் கேட்டாயிற்று. நம் காலத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருப்பதாக ஒன்று சொல்லு.

கார்த்திக், 7:14
ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஆல்பன் பெர்கின் வயலின் கான்செர்ட்டோ, பெரியப்பா. தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பது. 1935இல் எழுதியது, அரை மணிக்குள் முடிந்துவிடும். இசபெல் ஃபாஸ்ட் வாசித்து கிளாடியோ அப்பாடோ நடத்திய பதிவு அனுப்புகிறேன். ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

சுதா சித்தி, 7:31
தண்ணீர் லாரி வந்துவிட்டது. மாடியில் இருப்பவர்கள் குடத்தோடு இறங்குங்கள்.

ராமு பெரியப்பா, 8:42
பத்து நிமிஷம் கேட்டேன். பிடி கிடைக்கவில்லையப்பா. மெட்டு எங்கே இருக்கிறது?

கமலா அத்தை, 8:50
அண்ணா, நான் முழுக்கக் கேட்டேன். வயலின் நுழைகிற இடத்தைக் கவனியுங்கள். இடது கை விரலே படவில்லை. நாலு தந்தியையும் வெறுமனே ஒன்றன்பின் ஒன்றாக வில்லால் தொட்டு ஏறுகிறாள், இறங்குகிறாள். பாடம் ஆரம்பிக்கும் முன் நான் சுருதி பார்ப்பேனே, அது மாதிரி. நாம் ச-ப-ச-ப என்று கட்டுகிறோம். அவர்களுக்கு ஒவ்வொரு தந்திக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு பஞ்சம தூரம். அதனால் ஏணி மாதிரி போய்க்கொண்டே இருக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

கார்த்திக், 8:58
அத்தை, சரியாகப் பிடித்துவிட்டீர்கள்! பெர்க் பன்னிரண்டு ஸ்வரங்களையும் ஒரே வரிசையாகக் கோத்து, அதிலிருந்துதான் பெரும்பாலும் எழுதுகிறார். அவருடைய குரு ஷோன்பெர்க் காட்டிய வழி. அந்த வரிசையில் 1, 3, 5, 7ஆம் ஸ்வரங்கள் இந்த நாலு தந்திகள். கடைசி நாலையும் பாருங்கள். அந்த நாலில் முதல் ஸ்வரத்தை ச என்று வைத்தால் ச, சதுச்ருதி ரி, அந்தர க, பிரதி ம.

கமலா அத்தை, 8:59
கல்யாணி!

கார்த்திக், 9:06
ஆமாம், கல்யாணியின் பூர்வாங்கம், அதாவது ச முதல் ம வரை உள்ள முதல் பாதி. பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் ஒரு தேவாலயக் கீர்த்தனைக்கு ஸ்வரக் கட்டு (மெட்டோடு கூடவே ஒலிக்கும் மற்ற குரல்கள்) அமைத்திருக்கிறார், ‘போதும்’ என்று தொடங்கும். அதன் முதல் நாலு ஸ்வரங்களும் இவைதான். கான்செர்ட்டோவின் கடைசிப் பகுதியில் வயலின் அதை எடுக்கும். கிளாரினெட்டுகள் பாக்கின் கட்டிலேயே, தேவாலய ஆர்கன் மாதிரி பதில் சொல்லும்.

ராமு பெரியப்பா, 9:08
ஏன் ‘போதும்’?

கார்த்திக், 9:15
ஒரு சாவை நினைத்து எழுதியது, பெரியப்பா. மனோன் க்ரோபியஸ் என்று ஒரு பெண். பெர்கின் நண்பர் அல்மா மாலரின் மகள். 1935 ஏப்ரலில் போலியோவில் போய்விட்டாள், 18 வயது. ‘ஒரு தேவதையின் நினைவுக்கு’ என்று எழுதி ஆகஸ்டில் முடித்தார். அந்த டிசம்பர் 24இல் அவரும் போய்விட்டார். தன் கான்செர்ட்டோவை மேடையில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ராமு பெரியப்பா, 10:20
திரும்ப முதலிலிருந்து கேட்டேன். கணக்குப் போட்டு எழுதியது வறட்சியாக இருக்கும் என்று நினைத்தது தப்பு. அந்தக் கிளாரினெட் இடத்தில் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன்.

கார்த்திக், 10:26
அப்புறம் இன்னொரு பதிவு இருக்கிறது. எழுதச் சொல்லிக் கேட்டவரே, லூயி கிராஸ்னர், வாசித்தது. நடத்தியவர் பெர்கின் நெருங்கிய நண்பர் வெபர்ன். 1936 ஏப்ரல் 19இல் பார்சிலோனா அரங்கேற்றத்தை அவர்தான் நடத்த வேண்டியது. ஒத்திகையில் ஒருசில வரிகளிலேயே நேரமெல்லாம் போய், தாங்க முடியாமல் விலகிவிட்டார். ஷெர்ஹன் என்ற இன்னொரு நடத்துநர் வந்து நடத்தினார். பன்னிரண்டே நாளில், மே 1, லண்டனில் பிபிசி இசைக்குழுவோடு வெபர்ன் நடத்தினார். வானொலி ஒலிபரப்பிலிருந்து தட்டில் பிடித்தது, ஒரே இரைச்சல். அதனால் ஃபாஸ்டைத்தான் முதலில் கேட்க வேண்டும். சாக்ஸஃபோன், காங் எல்லாம் அதில்தான் தெளிவு.

கமலா அத்தை, 12:05
எனக்கு 1936தான். தகரத்தில் மழை பெய்கிற மாதிரி சத்தம், அதற்குள்ளிருந்து வயலின் வருகிறது. வெபர்ன் எவ்வளவு நிதானமாகப் போகிறார், பார்த்தாயா? முடிக்கவே மனசு வரவில்லை அவருக்கு.

கார்த்திக், 12:09
அந்த நிதானத்தில் குழு சில இடங்களில் தடுமாறுகிறது அத்தை.

கமலா அத்தை, 12:10
தடுமாறட்டும்டா. நண்பர் போய் நாலு மாசம்தான் ஆகியிருக்கிறது.

ராமு பெரியப்பா, 12:31
ஞாயிறு நாலு மணிக்கு என் கூடத்துக்கு வாருங்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்போம். போன் ஸ்பீக்கர் வேண்டாம்.

நித்யா, 12:33
என் பெரிய ஸ்பீக்கரைக் கொண்டுவருகிறேன், மாமா. அம்மா வயலினையும் எடுத்து வரச் சொல்கிறேன்.